வயது வந்த பிறகு நீச்சல் போட்டி: குளத்தோரம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு குளத்தில் காலை ஆறு மணி பேட்ச்சில் பதினோரு வருடமாக நீந்துகிறேன். மகனை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு கேலரியில் உட்கார்ந்திருந்தவள், 36 வயதில் நானும் இறங்கினேன். 38-ல் முதல் மாஸ்டர்ஸ் போட்டி. நான் கோச் இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் உடை மாற்றும் அறையிலும் படிக்கட்டிலும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்கள் சொன்னபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் வைத்திருக்கிறேன். உடல்நலம் பற்றிய இடங்களில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

"மாஸ்டர்ஸ்னு சொல்றாங்களே, அது பழைய சாம்பியன்களுக்கு நடத்துறதா?"

இல்லை. பெயர்தான் அப்படிப் பயமுறுத்துகிறது. நீச்சலில் மாஸ்டர்ஸ் என்றால் 25 வயதும் அதற்கு மேலும் என்று மட்டுமே பொருள். 25–29, 30–34, 35–39 என்று ஐந்தைந்து வயதாகப் பிரித்து, அந்தந்தப் பிரிவுக்குள் இடம் கொடுப்பார்கள். உலக அமைப்பான வேர்ல்ட் அக்வாடிக்ஸின் விதிப்படி, போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயதோ அதுதான் கணக்கு. நவம்பரில் 45 நிரம்பப்போகிறவர் ஜனவரியில் நீந்தினாலும் 45–49 பிரிவில்தான் வருவார். ரிலேயில் இன்னும் அழகு: நான்கு பேரின் வயதையும் கூட்டிப் பிரிவு பிரிப்பார்கள்.

முதல் உலக மாஸ்டர்ஸ் போட்டி 1986-ல் டோக்கியோவில் நடந்தது. 2025-ல் நமக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூரில் நடந்தது. இங்கே மாநில அளவிலும், அதற்கு மேல் இந்திய நீச்சல் கூட்டமைப்பின் தேசிய மாஸ்டர்ஸும் உண்டு. ஒரு காலத்தில் மாநிலத்துக்கு நீந்தியவர்களும் வருவார்கள், ஐம்பது வயதில் கற்றுக்கொண்டவர்களும் வருவார்கள். உள்ளூர்ப் போட்டிகளில் குறைந்தபட்ச வயதை அமைப்பாளர்கள் மாற்றுவது உண்டு. அறிவிப்பை ஒரு முறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

"எனக்கு 42 வயசு. நாலு மாசமாத்தான் நீந்துறேன். பேர் கொடுக்கலாமா?"

50 மீட்டரை நிற்காமல், கயிற்றைப் பிடிக்காமல் நீந்த முடிந்தால் கொடுக்கலாம். டைவ் அடிக்கத் தெரியவில்லை என்று பலர் தயங்குகிறார்கள். மாஸ்டர்ஸ் விதியில் பிளாக் என்ற குதிக்கும் மேடையிலிருந்தும் கிளம்பலாம், குளத்தின் விளிம்பிலிருந்தும் கிளம்பலாம், தண்ணீருக்குள் சுவரைப் பிடித்தபடியும் கிளம்பலாம். என் முதல் இரண்டு போட்டிகளும் தண்ணீருக்குள்ளிருந்து கிளம்பியவைதான். பட்டர்ஃப்ளையில்கூட பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கிக் போட மாஸ்டர்ஸில் அனுமதி இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் போகாதீர்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும், சுவரில் திரும்பும் டர்னிலும் முடிவிலும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒரு கையால் தொட்டால் தகுதி நீக்கம். இதைத் தெரியாமல், நன்றாக நீந்தி முடித்துவிட்டுக் கண் கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"நான் கிணத்துல கத்துக்கிட்டவன். டெக்னிக் எல்லாம் இனிமே வருமா?"

வரும். கிணற்றில் கற்றவர்களிடம் ஒரு பெரிய சொத்து இருக்கிறது: தண்ணீர்ப் பயம் கிடையாது. மூழ்கினால் மேலே வருவோம் என்று உடம்புக்குத் தெரியும். அதைக் குளத்தில் கற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மாதக்கணக்காகும்.

உங்களுக்கு மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒன்றுதான், தலை. கிணற்றில் தலையைத் தூக்கியே நீந்திப் பழகியிருப்பீர்கள். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். தண்ணீர் காற்றைப் போல ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் தொங்கும் காலை இழுத்துக்கொண்டு போக எவ்வளவு பலம் போட்டாலும் போதாது. முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுக்கப் பழகுங்கள். முதல் ஆறு வாரம் முன்பைவிட மெதுவாகத்தான் போவீர்கள். எரிச்சலாக இருக்கும். அந்த ஆறு வாரத்தில் யாருடனும் போட்டி போட்டு நீந்தாதீர்கள், பழைய பழக்கம் உடனே திரும்பி வந்துவிடும்.

"வாரத்துக்கு எத்தனை நாள் வந்தா போதும்?"

மூன்று. இரண்டு நாள் என்றால் இருப்பதைக் காப்பாற்றலாம், மூன்று நாள் என்றால் முன்னேறலாம். நான்காவது நாள் முடிந்தால் நல்லது. அதற்கு மேல் போவதற்கு முன் உங்கள் தூக்கத்தைப் பாருங்கள். ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு ஐந்து நாள் வருகிறவரைவிட, ஏழு மணி நேரம் தூங்கி மூன்று நாள் வருகிறவர் ஒரு வருடத்தில் முன்னால் இருப்பார். எங்கள் பேட்ச்சில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு 1500 முதல் 2000 மீட்டர் என்றால் வாரத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர். ஒலிம்பிக் நீச்சல் வீரர்கள் வாரத்துக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகிறார்கள் என்று படித்துவிட்டு மனம் சோர வேண்டாம். அவர்களுக்கு அதுதான் வேலை. நீங்கள் ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டும்.

"தினமும் நிக்காம நாப்பது லேப் போறேன். அது ட்ரெய்னிங் இல்லையா?"

உடம்புக்கு நல்லது. ஆனால் ஒரே வேகத்தில் நாற்பது லேப் போனால், அந்த ஒரே வேகத்தில் போக மட்டும்தான் உடம்பு பழகும். மூன்றாவது மாதத்துக்குப் பிறகு நேரம் குறையவே குறையாது. பெரியவர்களின் பயிற்சியில் நான் பார்த்த மிகப் பெரிய வீணடிப்பு இதுதான். இத்தனை விடியற்காலைகளைக் கொடுத்துவிட்டு, பத்து வருடம் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

தூரத்தை உடையுங்கள். அதற்கு முதலில் உங்கள் வேகம் தெரிய வேண்டும். ஒரு நாள் நன்றாக உடம்பைச் சூடுபடுத்திவிட்டு 400 மீட்டரை முழுமூச்சாக நீந்தி நேரம் எடுங்கள். நன்றாக இளைப்பாறிய பிறகு 200 மீட்டருக்கும் எடுங்கள். 400-க்கு 10 நிமிடம், 200-க்கு 4 நிமிடம் 40 நொடி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5 நிமிடம் 20 நொடி. அது 200 மீட்டருக்கான நேரம், பாதியாக்கினால் 100 மீட்டருக்கு 2 நிமிடம் 40 நொடி. மூச்சு முட்டாமல் நீங்கள் நீண்ட நேரம் தாங்கக்கூடிய வேகம் ஏறக்குறைய இதுதான். இனி எட்டு முறை 100 மீட்டர், ஒவ்வொன்றும் 2:40-ல், நடுவில் 20 நொடி ஓய்வு. அதாவது மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சுவரை விட்டுக் கிளம்புகிறீர்கள். எட்டும் அதே நேரத்தில் வந்தால் அடுத்த வாரம் ஓய்வை 15 நொடியாக்குங்கள். எட்டு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி சோதித்துப் பாருங்கள்.

வாரத்தில் ஒரு நாள் இது. இன்னொரு நாள் குறுகிய வேகம்: 25 மீட்டரை முழு வேகத்தில் எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் பிறகு நன்றாக மூச்சு வாங்க ஒரு நிமிடம். மூன்றாவது நாள் நுட்பத்தைப் பழகும் டிரில்லும் மெதுவான நீச்சலும். இவ்வளவுதான், இதற்கு மேல் சிக்கலான அட்டவணை முதல் இரண்டு வருடத்துக்குத் தேவையே இல்லை.

"போட்டி எல்லாம் வேணாம். உடம்புக்காகத்தான் வர்றேன். என்னை ஏன் எல்லாரும் இழுக்கறாங்க?"

இழுக்கக் கூடாது. பயிற்சியை எவ்வளவு பொறுப்பாகச் செய்வது என்பது ஒரு கேள்வி, போட்டியை எவ்வளவு பெரிதாக எடுப்பது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதிப் பேர் பயந்து ஒதுங்குகிறார்கள், மீதிப் பேர் தோளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் கேள்விக்கு என் பதில்: எல்லாரும் முழுப் பொறுப்போடு செய்யுங்கள். நுட்பம், ஓய்வு, ஒழுங்கான வருகை, இவற்றை விளையாட்டாக எடுத்தால் போட்டிக்கே போகாதவருக்கும் காயம் வரும்.

இரண்டாவது உங்கள் விருப்பம். போட்டி எனக்குக் கொடுத்தது ஒரு தேதி. காலண்டரில் ஒரு தேதி இருந்தால், மழை பெய்யும் நவம்பர் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. உங்களுக்கு அந்தக் காரணம் வேறு எங்கிருந்தாவது கிடைக்கிறது என்றால் போட்டி அவசியமே இல்லை. ஒரே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

"கடைசியா வந்தா அசிங்கமா இருக்காதா?"

எனக்கும் இந்தப் பயம் இருந்தது, அதனால் சின்னதாக்கிப் பேச மாட்டேன். என் முதல் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் 1 நிமிடம் 6 நொடி. மற்றவர்கள் எல்லாரும் சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இன்னும் பத்து மீட்டர் பாக்கி. அந்தப் பத்து மீட்டரில் கேலரி முழுக்கக் கை தட்டியது. அடுத்த லேனில் இருந்த பெண்மணிக்கு என்னைவிட இருபது வயது கூட. கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி, "நல்லா முடிச்சீங்கம்மா" என்றார்.

நடைமுறையில் பார்த்தால், வயதோடு நீங்கள் எழுதிக் கொடுக்கும் நேரத்தையும் வைத்துத்தான் ஹீட், அதாவது ஒன்றாக நீந்தும் குழு, அமைப்பார்கள். உண்மையான நேரத்தைக் கொடுத்தால் உங்களைப் போன்றவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். வேண்டுமென்றே கூட்டியோ குறைத்தோ கொடுக்காதீர்கள். அது பக்கத்து லேன்காரருக்குச் செய்யும் துரோகம்.

"என் பிரிவுல மூணே பேர். அந்த மெடலுக்கு என்ன மதிப்பு?"

மூன்று பேரும் அந்த வயதில் குளத்துக்கு வந்தார்கள் என்ற மதிப்பு இருக்கிறது. வீட்டில் மாட்டுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் அதை வைத்து உங்கள் நீச்சலை அளக்காதீர்கள். போன வருடம் வெண்கலம் இந்த வருடம் தங்கம் என்பது, போன வருடம் வந்த இருவர் இந்த வருடம் வரவில்லை என்பதாகக்கூட இருக்கலாம். நேரத்தை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: தேதி, குளம் 25 மீட்டரா 50 மீட்டரா, நேரம். 25 மீட்டர் குளத்தில் டர்ன் அதிகம், ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துக் கிளம்புவதால் நேரம் குறைவாக வரும். இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

பிரிவில் ஆளே இல்லாமல் நீந்தியவர்களும் உண்டு. ஜப்பானின் மியெகோ நாகாவோகா 2015-ல், தன் 100 வயதில், 1500 மீட்டரை 1 மணி 15 நிமிடம் 54 நொடியில் முடித்தார். நூறு வயதில் அந்தத் தூரத்தை முடித்த முதல் ஆள் அவர். முழங்கால் சரியாக வேண்டும் என்று எண்பது வயதுக்கு மேல் நீச்சலுக்கு வந்தவர். அந்த நீச்சலுக்கு மதிப்பு இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

"இந்த வயசுக்கு மேல வேகம் கூடவா போகுது?"

சிறு வயதிலிருந்து நீந்தி உச்சத்தைத் தொட்டவர்களுக்குக் கூடுவது கடினம். அதிலும் விதிவிலக்கு உண்டு. அமெரிக்காவின் டாரா டோரஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 41 வயதில் மூன்று வெள்ளி வாங்கினார். 50 மீட்டரில் தங்கத்தை விட்டது நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில்.

உங்களுக்கும் எனக்கும் கணக்கு வேறு. நாம் உச்சத்தைத் தொட்டதே இல்லை. முப்பத்தைந்தில் தொடங்குகிறவருக்கு நுட்பம் சரியாகிக்கொண்டே போகும், வயதால் குறைவதைவிட அதிகமாகவே கிடைக்கும். 1:06-ல் தொடங்கிய நான் 47 வயதில் 44 நொடிக்குள் வருகிறேன். எனக்கு எத்தனை வருடம் இப்படிப் போகும் என்று சொல்ல முடியாது, ஆனால் இன்னும் நிற்கவில்லை.

"தோள் வலிக்குது அக்கா. நீந்திக்கிட்டே சரி பண்ணிக்கலாமா?"

முடியாது. நான் அப்படி நினைத்து எட்டு மாதம் இழந்தேன். நான்காவது வருடம், ஒரு போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. வலது தோளில் கையைத் தூக்கும்போது ஒரு குத்து. வாம் அப் ஆனதும் போய்விடும், சாயங்காலம் திரும்ப வரும். போட்டி முடியட்டும் என்று வலி மாத்திரை போட்டு நீந்தினேன். போட்டியும் நீந்தினேன். அதற்குப் பிறகு தலை சீவக் கை உயரவில்லை. பிசியோவிடம் மூன்று மாதம், குளத்துக்குத் திரும்ப இன்னும் ஐந்து மாதம்.

கணக்கைப் பாருங்கள். 25 மீட்டருக்கு 20 கைவீச்சு என்றால், 2000 மீட்டருக்கு 1600. ஒரு கைக்கு 800. ஒவ்வொன்றும் கொஞ்சம் தவறாக விழுந்தால், வாரத்துக்கு 2400 தவறு. கை தலையின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் நுழைகிறதா, கட்டை விரல் முதலில் நுழைகிறதா, ஒரே பக்கம் மட்டும் மூச்சு எடுக்கிறீர்களா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கையில் மாட்டும் பேடில் என்ற பலகை அந்தத் தவறைப் பெரிதாக்கும், தோள் வலிக்கும்போது அதைத் தொடவே தொடாதீர்கள். தசை களைப்பு இரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துவது, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமல் போவது, இவை வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்காரர்களுக்கு முழங்காலின் உள்பக்கம் இதே போலத்தான்.

வலி இல்லாத நாளிலேயே வாரத்தில் இரண்டு முறை ரப்பர் பேண்டு கட்டித் தோள் பயிற்சி பத்து நிமிடம் செய்யுங்கள். அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு நான் ஒரு வாரம்கூட விட்டதில்லை.

"பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன். போட்டியில கலந்துக்கலாமா?"

டாக்டரிடம், "வாக்கிங் மாதிரி நீந்தப் போகிறேன்" என்று சொல்லாதீர்கள். "முழு வேகத்தில் ஒரு நிமிடம் நீந்தப் போகிறேன்" என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டும் இதயத்துக்கு வேறு வேறு வேலை. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை இருப்பவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள், மாத்திரை சாப்பிடாவிட்டாலும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், குறிப்பாக பீட்டா பிளாக்கர் வகை, இதயத் துடிப்பை உயரவிடாது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்து வேகத்தை நிர்ணயிக்கக் கூடாது, மூச்சு எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் போக வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, இருமலோடு நுரை வந்தால் நடுக்குளம் என்றாலும் நின்று கையைத் தூக்குங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, இது ஆரோக்கியமானவர்களுக்கும்தான். மூச்சை அடக்கி எத்தனை தூரம் போகலாம் என்று பந்தயம் கட்டாதீர்கள். வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு மூழ்கினால் உடம்பில் கரியமில வாயு குறைந்துபோகும். மூச்சு வேண்டும் என்ற உந்துதலைத் தருவது அந்த வாயுதான். உந்துதல் வருவதற்கு முன்பே ஆக்ஸிஜன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படிப் போகிறார்கள்.

"கோச், காலேஜ் பசங்களுக்குக் குடுக்கற செட்டையே எங்களுக்கும் குடுக்கறாரே?"

கோச்சிடம் தனியாக, பேட்ச் முடிந்த பிறகு பேசுங்கள். "கஷ்டமாக இருக்கிறது" என்றால் சோம்பேறித்தனம் என்று நினைக்கலாம். "ஆறாவது ரவுண்டுக்கு மேல் என் கை நுட்பம் உடைகிறது, எண்ணிக்கையைக் குறைத்து வேகத்தை வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் எந்த நல்ல கோச்சும் ஒப்புக்கொள்வார். இருபது வயதுக்காரர் மறுநாள் காலை தேறிவிடுவார். நமக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் வேண்டும். மறுக்கிறவர் என்றால் வேறு கோச்சைப் பாருங்கள்.

"நீந்தியும் எடை குறையலையே?"

நீந்திவிட்டு வந்தால் பசி அள்ளும். நான்கு இட்லி ஏழாகும். எடைக்காக மட்டும் நீந்துகிறவர்கள் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். அதனால் நேரத்தை அளக்கச் சொல்கிறேன், எடை இயந்திரத்தை அல்ல.

"போட்டி அன்னைக்கு பீரியட்ஸ் வந்துட்டா என்ன பண்றது?"

உடம்பு ஒத்துழைத்தால் நீந்தலாம். கப் அல்லது டாம்பான் போதும். ஆனால் போட்டி அன்று முதல் முறையாக முயற்சி செய்யாதீர்கள், இரண்டு மாதம் பயிற்சியிலேயே பழகிவிடுங்கள். வலி அதிகமாக இருக்கும் நாள் என்றால் பெயரை விலக்கிக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை.

"விலை ஜாஸ்தி ரேஸ் சூட், ஃபின்ஸ் எல்லாம் வாங்கணுமா?"

முதல் வருடம் நல்ல காகிள்ஸ், தொப்பி, முழங்கால்வரை வரும் சாதாரண நீச்சலுடை போதும். மிச்சப் பணத்தில் ஒரு மாதம் தனிக் கோச்சிங் எடுங்கள்.

"போட்டிக்கு முந்தின வாரம் ஜாஸ்தியா நீந்தணுமா, கம்மியாவா?"

கம்மியாக. கடைசிப் பத்து நாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். அதாவது 25 மீட்டர் வேக நீச்சல் இருக்கட்டும், எட்டுக்குப் பதில் நான்கு. புதிதாக எதையும் கற்றுக்கொள்ளும் வாரம் இது இல்லை.

போட்டி நாளில், உங்கள் முறைக்கு இரண்டரை மணி நேரம் முன்பு பழகிய டிபன்: இட்லி, வாழைப்பழம். எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். வாம் அப்பைத் தவறவிடாதீர்கள், அந்தக் குளத்தின் சுவரும் ஆழமும் உங்களுக்குப் புதிது. வேளச்சேரி 50 மீட்டர் குளத்தில் முதல் முறை இறங்கியபோது, 25 மீட்டரில் வர வேண்டிய சுவர் வராமல் எனக்குப் பதற்றமே வந்துவிட்டது. மே மாதம் என்றால் ஹீட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நிழலில் உட்காருங்கள், தண்ணீரில் நனைந்தபடி இருப்பதால் வியர்ப்பது தெரியாது. குடித்துக்கொண்டே இருங்கள். புது காகிள்ஸ் மாட்டாதீர்கள்.

"குளம் போரடிக்குது. கடல்ல நீந்தலாமா? பாக் நீரிணை கிராஸ் பண்ணணும்னு ஆசை."

ஆசை நல்ல ஆசை, அதற்குப் பின்னால் நம் ஆட்களின் பெரிய வரலாறே இருக்கிறது. இலங்கையின் வடக்கில் உள்ள தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-ல் பாக் நீரிணையைக் கடந்தார். பக்கத்து வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் போய்த் திரும்பினார், 51 மணி நேரம். 1994-ல் தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் சிறுவனாக இருந்தபோதே ஒரே ஆண்டில் ஆறு கால்வாய்களையும் நீரிணைகளையும் நீந்தினார். ஆனந்தன் 1984-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் இறந்துபோனார், 41 வயதில். அத்தனை அனுபவம் இருந்தவர். அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நீரோட்டம், ஜெல்லி மீன், இரு நாட்டு அனுமதி, கூடவே வரும் படகு, எல்லாம் வேண்டும். முதலில் குளத்தில் 3 கிலோமீட்டரை நிற்காமல் நீந்திப் பாருங்கள், உலக மாஸ்டர்ஸில் திறந்தவெளி நீச்சலின் தூரமும் அதுதான். அப்புறம் பாதுகாப்புப் படகோடு நடக்கும் கடல் நீச்சலில் சேருங்கள். மெரினாவில் காலையில் தனியாக இறங்கிப் பழகலாம் என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். அந்தக் கடலின் இழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோகும்.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு வீட்டுல கேக்கறாங்க. என்ன சொல்றது?"

இதற்குத்தான் எனக்கு எளிதான பதில் இல்லை. பெண்களிடம் இந்தக் கேள்வி சீக்கிரமே வருகிறது. ஆறு மணிக்குக் குளம் என்றால் டிபன் யார் செய்வது என்று. ஆண்களுக்கு அவர்கள் டிராபியோடு வரும் வரை யாரும் கேட்பதில்லை. நான் மூன்று நாள் எனக்கு, மற்ற நாள் அவருக்கு என்று கணவரிடம் பேசித்தான் வைத்துக்கொண்டேன். அந்த மூன்று நாள் சமையலறை அவருடையது. பேச ஒரு வருடம் தள்ளிப்போட்டேன், அந்த ஒரு வருடமும் திருட்டுத்தனமாக எதையோ செய்வது போலவே இருந்தது. முன்பே பேசியிருக்க வேண்டும்.

வீட்டார் கேட்பதில் நியாயமும் இருக்கலாம். பிள்ளையின் பரீட்சை வாரத்தில் வெளியூர்ப் போட்டி, கடன் வாங்கிப் பயணம், தோற்றால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது, இவை வந்துவிட்டால் போட்டி அளவு மீறிவிட்டது. வருடத்துக்கு இரண்டு போட்டி போதும். ஒன்றையாவது அவர்களையும் கேலரிக்குக் கூட்டிப் போங்கள். என் மாமியார் ஒரு முறை வந்தார். அப்புறம் கேள்வி மாறிவிட்டது: "அடுத்தது எப்போ?"

"ரெண்டு வருஷமா ஒரு செகண்டு கூட குறையலை. விட்டுடலாமா?"

விடுவதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள். நாற்பது லேப் கேள்வியில் சொன்னது போல ஒரே வேகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா? மூன்று நாளும் கடுமையாக நீந்தி, தேறவே விடாமல் இருக்கிறீர்களா? டர்ன் எப்படி? 25 மீட்டர் குளத்தில் 100 மீட்டருக்கு மூன்று டர்ன். ஒவ்வொன்றிலும் அரை நொடி என்றாலும் ஒன்றரை நொடி சுவரிலேயே கிடக்கிறது. குளத்தில் அனுமதி கேட்டு, நண்பரிடம் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நான் நீந்துவதாக நினைத்திருந்ததும், வீடியோவில் பார்த்ததும் வேறாக இருந்தன. எல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் நீச்சலை மாற்றுங்கள். 50 ஃப்ரீஸ்டைலையே பிடித்துக்கொண்டிருந்தவர் 200 பேக் ஸ்ட்ரோக் போனால், புதிதாகக் கற்கும் காலம் திரும்பக் கிடைக்கும்.

அப்போதும் மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு வருடம் போட்டியை விடுங்கள், குளத்தை விடாதீர்கள். எங்கள் லேனில் 61 வயதில் ஒருவர் அப்படி நிறுத்தினார். ஸ்டாப் வாட்ச்சைக் கழற்றிவிட்டு செவ்வாயும் வியாழனும் மட்டும் வந்தார். இப்போது 64. இன்னும் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. ஆனால் எங்களில் யாராவது 1500 மீட்டர் நீந்தினால், சுவரோரம் உட்கார்ந்து விரல் விட்டு லேப் எண்ணுவது அவர்தான். இதுவரை ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.